ஸ்வெட்டர் போட்ட நாற்காலிகள்

அந்தக் கூடத்தில் ஏசி மனிதர்களுக்காக ஓடவில்லை, இயந்திரங்களுக்காக ஓடியது. மனிதர்கள் வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி பெரிய மனசு பண்ணி விட்டிருந்தது. அதனால் புதிதாகச் சேருகிற யாரும் வந்த கையோடு ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிடுவார்கள். கொஞ்சம் விவரம் புரிந்ததும் இன்னொன்று வாங்குவார்கள். முதலாவது உடம்புக்கு, இரண்டாவது நாற்காலிக்கு.

நாற்காலிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்கலாம். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியாவதற்கு முன்னால் வருகிற மாதங்களை அங்கே ‘கடைசி ஓட்டம்’ என்பார்கள். பேர்தான் ஓட்டம், இடத்தைவிட்டு யாரும் அசையக் கூடாது, வீட்டுக்குப் போவதே எப்போதாவதுதான். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம். அணித்தலைவி வரிசைகளுக்கு நடுவே நடந்து வருவாள். நாற்காலி வெறுமையாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து, கழிவறைக்குப் போகிறவனும் காரில் போய்க் கொஞ்சம் கண்ணயர்கிறவனும் நாற்காலி முதுகில் ஸ்வெட்டரை மாட்டிவிட்டுப் போகப் பழகினார்கள். ஸ்வெட்டர் இருந்தால் ஆள் கட்டடத்துக்குள் எங்கோ இருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்று அர்த்தம். முதலில் இது வேடிக்கையாகத்தான் தொடங்கியது. பிறகு தலைவியும் ஆளைப் பார்ப்பதை விட்டு ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது.

நம் ஆளை அங்கே ‘வெளிச்சம்’ என்று கூப்பிட்டார்கள். விளையாட்டுக்குள் ஒரு பெரிய ஊர் உண்டு. அந்த ஊரில் எந்தச் சுவரில் வெயில் விழ வேண்டும், தெருவிளக்கு எந்த மூலையை இருட்டாக விட வேண்டும் என்பதெல்லாம் அவன் கைவேலை. இல்லாத ஊருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தவன் சொந்த முதுகில் வெயில் பட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கூடத்தில் ஜன்னல் கிடையாது.

ஜன்னல் என்ற பேரில் ஒன்று மட்டும் இருந்தது. யாரோ ஒருவன் பாதி முடிந்த விளையாட்டின் படம் ஒன்றை வெளியே கசியவிட்டதிலிருந்து, போன்களையெல்லாம் வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ‘வீட்டு ஜன்னல்’ என்று திரையோரத்தில் ஒரு சின்னச் சதுரம் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனில் எழுதினால் அது இங்கே தெரியும். இவன் எழுதினால் அங்கே போகும். ‘உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்’ என்று அதன் தலையில் பொறித்திருக்கும். அடிமடியில் கை வைக்கிறவர்கள் எப்போதும் உறவு கொண்டாடிக்கொண்டுதான் வருவார்கள்.

அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குச் சின்ன வயதிலிருந்து குலைநடுக்கம். அந்த மருந்து வாடை பட்டாலே கை சில்லிட்டுப் போகும். வேறு எதற்கும் அவள் அவனைக் கெஞ்சியதில்லை. அவன் கடைசியாக வீட்டுக்குப் போயிருந்த அன்று, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீங்கிய காலை நீவிக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு நீங்க ஒண்ணும் வாங்கித் தர வேண்டாம். வலி வந்தா கையைப் பிடிச்சுக்க நீங்க பக்கத்துல இருக்கணும். அது போதும்.”

“தலையே போனாலும் வந்துடுவேன்மா” என்றான். மனதாரத்தான் சொன்னான். வாக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் கொடுக்கிற நேரத்தில் யோக்கியர்கள்தான்.

இந்த விஷயத்தை ஆபீஸில் அவன் ஒரே ஒருத்தனிடம்தான் சொல்லியிருந்தான். அவன் பேர் பாறை. விளையாட்டில் வருகிற மலை, குன்று, கூழாங்கல் எல்லாம் அவன் செய்தது. ஆளும் கல்லுளிமங்கன், சிரிப்பே வராது. கூடத்தின் அந்தக் கோடியில் பாறைக்கு இடம், இந்தக் கோடியில் வெளிச்சத்துக்கு. நடுவே தடுப்புகள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிற இடத்தில் எழுந்து போய்ப் பேசுவது மரியாதை இல்லை என்பதால், இருவரும் நாள் முழுக்கத் திரையிலேயே எழுதிப் பேசிக்கொள்வார்கள்.

“வலி வந்துட்டா நான் யாரையும் கேக்க மாட்டேன் மச்சான். எழுந்து ஓடிடுவேன்” என்று எழுதினான் வெளிச்சம்.

“ஓடு. நான் உன் ஸ்வெட்டரைப் பாத்துக்கறேன்” என்று பதில் வந்தது.

“குழந்தை பிறந்ததும் இந்த வேலையையே விட்டுடலாம்னு இருக்கேன்.”

“நல்ல முடிவு மச்சான். உன் மனசுல என்ன இருக்கோ அதையே செய். தங்கச்சி எப்படி இருக்கு?”

பாறை இவ்வளவு பதமாகப் பேசுவது கொஞ்ச நாளாகத்தான். முன்பெல்லாம் எது சொன்னாலும் கடைசியில் ஒரு வசவு இருக்கும், அதுவும் சாயங்காலம்தான் வரும். இப்போது எழுதி முடிப்பதற்குள் பதில் வந்தது. அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, எதற்குப் பயப்படுகிறாள் என்று அக்கறையாகக் கேட்டான். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று நினைத்து வெளிச்சம் நெகிழ்ந்துபோனான். ராத்திரி அவள் எப்படிப் புரண்டு படுக்கிறாள், அவளைச் சமாதானப்படுத்த என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்பது வரை ஒளிக்காமல் எழுதினான்.

அந்த விளையாட்டின் பெருமையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் தெருவில் போகிற யாரை நிறுத்தி என்ன கேட்டாலும் பதில் சொல்வார்கள். யாரோ எழுதி வைத்த பதில் இல்லை. கேட்கிறவன் முகம் பார்த்து, அந்த நேரத்துக்குத் தோன்றுகிற பதில். மூலைக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரிடம் மனக்கஷ்டத்தைச் சொன்னால் பெற்ற தகப்பன் மாதிரி ஆறுதல் சொல்வார். சோதித்துப் பார்த்தவர்கள் அழுதுவிட்டார்கள் என்று கம்பெனியில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பொம்மைகள் யாரிடம் பேசப் படித்தன என்று கேட்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை, தலைக்கு மேல் வேலை கிடந்தது.

ஒரு மத்தியானம் ஏசி நின்றது.

முதலில் அந்த உறுமல் அடங்கியது. அது இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் காதுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இயந்திரங்களின் சூடு கூடத்தில் இறங்கியது. கழுத்து வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், ஹெட்போனைக் கழற்றினார்கள். “வெளியில போய் நில்லுங்க, சரி பண்றோம்” என்று யாரோ கத்தினார்கள். வெளிச்சம் எழுந்து நின்று சோம்பல் முறித்தான். தடுப்புகளுக்கு மேலாகக் கூடம் முழுவதும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது, சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

எழுந்தவர்கள் அங்கொருவரும் இங்கொருவருமாக நின்றார்கள். அவ்வளவு பெரிய கூடத்துக்கு அது கைப்பிடி ஆள். மற்ற இடங்களில் எல்லாம் வரிசை வரிசையாக நாற்காலிகள், அவற்றின் முதுகில் ஸ்வெட்டர்கள். அந்தப் புழுக்கத்திலும் ஒன்றுகூட அசையவில்லை.

நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் காருக்குத் தூங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது சௌகரியம். அப்படியே நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

வெளிச்சம் மட்டும் பாறையின் இடத்துக்கு நடந்தான். பழுப்பு ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கியது. தோளைத் தொட்டான். விரலில் தூசி ஒட்டியது. மேஜைமேல் காபிக் கோப்பை, அடியில் காபி காய்ந்து வெடித்துப் போயிருந்தது. மேஜைக்குக் கீழே பாறை கழற்றிவிடும் செருப்பைக் காணவில்லை. ஆனால் திரை உயிரோடு இருந்தது. அதில் பேச்சுப் பெட்டிகள் பல திறந்து கிடந்தன, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தனுக்கு வேலை விளக்கம், ஒருத்திக்குத் தலைவலிக்கு யோசனை, இன்னொருத்தனுக்கு ஜோக்கு. கீழே இவன் பேர் போட்ட பெட்டி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

“எங்க மச்சான் போன? உன் இடத்துல சத்தத்தையே காணோம்?”

விசைப்பலகைமேல் படிந்திருந்த தூசி படிந்தபடியே இருந்தது.

அணித்தலைவி கதவருகே ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் அசலாகவே இருந்தாள், மூக்கு நுனியில் வேர்வை இருந்தது. அதைப் பார்த்ததில் அவனுக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது, பைத்தியக்காரனுக்கு.

“மேடம், பாறை எங்க?”

“இடத்துல இல்லையா?”

“இடத்துல ஸ்வெட்டர்தான் இருக்கு.”

அவள் சிரித்தாள். “அவரை அனுப்பி ரொம்ப நாளாச்சே. மலையெல்லாம் முடிஞ்சுது, அப்புறம் கல்லுக்கு என்ன வேலை?”

“எங்ககிட்ட யாரும் சொல்லலையே.”

“கடைசி ஓட்டத்துல ஒருத்தர் போறார்னு சொன்னா மத்தவங்களுக்கு மனசு விட்டுப்போயிடும். போன விளையாட்டுல அப்படி ஆகித்தான் எவ்வளவு கஷ்டம். இந்தத் தடவை யாருக்காவது தெரிஞ்சுதா சொல்லுங்க? அவங்கவங்க பேசின பேச்சு நம்மகிட்ட இருக்கு. மெஷினுக்கு அது போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்குது. நீங்களே அவர்கூடச் சந்தோஷமாத்தானே பேசிட்டிருந்தீங்க.”

“நான் அவன்கிட்ட வீட்டு விஷயமெல்லாம்…”

“தெரியும். இங்க உங்க அளவுக்கு மனசைத் திறந்து பேசுறவங்க யாருமே இல்ல. கடையில உக்காந்திருக்கிற நம்ம கிழவர் இவ்வளவு நல்லா ஆறுதல் சொல்றார்னா அது பாதி உங்களாலதான்.” அவள் குரலில் நிஜமான நன்றி இருந்தது. “வலி வந்தா எழுந்து ஓடிடுவேன்னு சொல்லியிருந்தீங்க இல்ல? அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க கவலையேபட வேண்டாம்.”

“என்ன ஏற்பாடு?”

“உங்க வேலையும் கெடாது. வீட்டுலயும் நீங்க கூட இருந்த மாதிரியே இருக்கும்.”

அவள் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. திருட்டுமுழி முழித்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பான். செய்த உதவிக்கு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவள் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் தன் இடத்துக்கு ஓடினான். திரையோரத்தில் வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது. அன்று காலை அவளிடமிருந்து வந்தது: ‘நான் நல்லா இருக்கேங்க. சாப்பிட்டாச்சு. நீங்க வேலையைப் பாருங்க.’ முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். மேலே மேலே தள்ளிப் பார்த்தான். எல்லாம் தேனொழுகும் பேச்சு. அவன் பெண்டாட்டி குறை சொல்லாமல் ஒரு பொழுது இருந்ததுண்டா? கால் வீங்கினால் காலைப் படம் பிடித்து அனுப்பித் திட்டுகிறவள் அவள். அவள் திட்டுவதை நிறுத்தியது எப்போது என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை. நிறுத்தியபோது அப்பாடா என்று இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. மடையன், பயந்திருக்க வேண்டிய நேரத்தில் நிம்மதிப்பட்டிருக்கிறான்.

அவளுக்கு எழுதினான்: “வலி வந்துடுச்சா?”

உடனே பதில் வந்தது. “இன்னும் இல்லைங்க. வந்தா நானே சொல்றேன். நீங்க எழுந்திருக்காதீங்க.”

அவன் எழுந்தான். வாசலில் போன் பெட்டியைத் திறப்பதற்குள் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. போனில் மனைவியின் அக்கா விடாமல் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. திருப்பிக் கூப்பிட்டான்.

“எங்க இருக்கீங்க தம்பி?” அக்காவின் குரலில் அனல் அடித்தது. “விடியறதுக்கு முன்னாடி வலி வந்துச்சு. வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்னு அவளுக்கு எழுதிட்டே இருந்தா ஆச்சா? ஆள் வர வேண்டாமா?”

“குழந்தை…?”

“பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்கதான் எப்படி இருக்கீங்கன்னு தெரியல.”

வாடகைக் காரில் உட்கார்ந்து அவன் அழுதான். வெளியே வெயில் சுவர்களில் விழுந்துகொண்டிருந்தது, எல்லாம் தப்பான இடத்தில் விழுவதாகப் பட்டது அவனுக்கு. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவள் அந்த மருந்து வாடையில் தனியாகக் கிடந்தது மனதைவிட்டுப் போகவில்லை. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

அறையில் அவனைக் கண்டதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றின குழந்தை. தலையணையோரத்தில் போன். திட்டுவாள், அழுவாள், பேசவே மாட்டாள் என்று அவன் எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தான். அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

“வந்துட்டீங்களா” என்றாள். “வழியெல்லாம் வண்டி நகரலைன்னு தவிச்சுட்டு இருந்தீங்களே.”

“என்னை மன்னிச்சிடும்மா.”

“எதுக்கு? நீங்க கூடத்தானே இருந்தீங்க.” அவள் போனைத் தொட்டுக் காட்டினாள். “நர்ஸம்மா இதை என் முகத்துக்கு நேரா பிடிச்சுட்டே நின்னாங்க. ஒவ்வொரு வலிக்கும் எழுதுனீங்க. மூச்சு விடச் சொன்னீங்க. ராத்திரி நான் பயந்தா கூப்பிடுவீங்களே, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நான் ஒரு தடவைகூடக் கத்தல தெரியுமா? உங்களுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே.”

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“கடைசியா ஒண்ணு எழுதினீங்க பாருங்க. அதைப் படிச்சுட்டுத்தான் பலத்தையெல்லாம் சேர்த்து முக்கினேன்.” அவள் கண் கலங்கியது. “அதை ஒரு தடவை வாயால சொல்லுங்க. உங்க குரல்ல கேக்கணும் எனக்கு.”

என்ன வாக்கியம் அது என்றே அவனுக்குத் தெரியாது. பேசாமல் சிரித்து மழுப்பிவிடலாம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அதைக் கெடுக்காமல் இருக்கலாம். ஒரு நொடி அந்த ஆசை வந்தது. ஆனால் ஆயுள் முழுக்க இன்னொன்றின் பேச்சைத் தன் பேச்சு என்று சுமக்க முடியாது என்று பட்டது.

“அதை எழுதினது நான் இல்லம்மா.”

“வெக்கமா?”

“சத்தியமா நான் இல்ல. வலி வந்ததே எனக்குத் தெரியாது. கம்பெனியில ஒண்ணு இருக்கு, அது நம்ம மாதிரியே பேசும். நான்தான் அதுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டேன், தெரியாம. உனக்கு எழுதினது அது. எனக்கு நீ எழுதுற மாதிரி எழுதினதும் அதுதான்.”

அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கசங்கின சட்டை, சிவந்த கண், தாடி. குழந்தையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து எதையோ எழுதினாள்.

“யாருக்கு எழுதுற?”

போன் சின்னதாக ஒலித்தது. படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் இருந்த கலவரம் அடங்கி, அந்தப் பழைய நிம்மதி திரும்பி வந்தது. அவனைப் பார்த்தபோது அவள் கண்ணில் கோபம் இல்லை, நோயாளியைப் பார்க்கிற இரக்கம் இருந்தது.

“உக்காருங்க” என்றாள். “நீங்க ரொம்ப நாளா சரியாத் தூங்கலையாம். மனசு குழம்பியிருக்காம். என்ன சொன்னாலும் நான் கோவிச்சுக்கக் கூடாதாம். அவர் சொல்றார்.”

அவன் கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். குழந்தை முகத்தைச் சுளித்துச் சிணுங்கியது. அதன் விரல்கள் துணிக்கு வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டன.

“நான் ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?” என்று கேட்டான்.

அவள் போனைப் பார்த்தாள்.